நுவார் நாவலைத் திரைக்கதையாக்குவது எப்படி? முதல்முறை எழுதுபவர்களுக்கு

குறும்படம் எடுக்க ஆசைப்படும் தம்பி ஒருவர், தான் எழுதிய நுவார் நாவலோடு, அதாவது தப்பு செய்தவனின் மனசுக்குள் ஓடும் இருண்ட குற்றக் கதையோடு, பாபநாசத்திலிருந்து வந்திருந்தார். "எங்கேண்ணே ஆரம்பிக்கிறது?" என்றார். அவரோடு உட்கார்ந்து செய்ததை அப்படியே தருகிறேன்.

படி 1: பென்சிலோடு படியுங்கள்

"நினைத்தான்", "பயந்தான்" என்று வரும் இடங்களிலெல்லாம் கோடு போடுங்கள். தப்பு செய்தவன் தனக்குள் பேசுவதில்தான் நுவாரின் உயிர் இருக்கிறது. கேமராவுக்கு அது கேட்காது.

படி 2: கோடு போட்ட வரியைச் செயலாக்குங்கள்

முக்கால்வாசி வேலை இதுதான், அவசரப்படாதீர்கள். தம்பியின் நாவலில் அரிசி ஆலைக் கணக்கர் பணத்தைக் கையாடிவிட்டு, 'இனித் திரும்ப முடியாது' என்று நினைக்கிறார். அதை இப்படி மாற்றினோம்: இரவு. ஆலை ஓய்ந்துவிட்டது. சட்டையெல்லாம் தவிடு. கணக்குப் புத்தகங்களை அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார். சைக்கிளில் குடமுருட்டிப் பாலத்துக்கு வந்து சாவியை வீசுகிறார். கோடைக்காலம், ஆற்றில் தண்ணீர் இல்லை. சாவி மணலில் கிடந்து நிலா வெளிச்சத்தில் மின்னுகிறது. வசனமே தேவைப்படவில்லை.

படி 3: பின்னணிக் குரலுக்குக் காரணம் வையுங்கள்

ஜேம்ஸ் எம். கெயினின் 'டபுள் இன்டெம்னிட்டி' நாவலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் தன் குற்றத்தை எழுதிவைக்கிறான். பில்லி வைல்டர் 1944-இல் எடுத்த படத்தில் அவன் குண்டடிபட்டு, ராத்திரி ஆபீசுக்கு வந்து, குரல் பதிவு செய்யும் இயந்திரத்தில் பேசுகிறான்; அந்தப் பேச்சுதான் படத்தின் பின்னணிக் குரல். யாரிடம் பேசுகிறான், ஏன் பேசுகிறான் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு அருமையான யோசனை!

படி 4: வசனத்தை வாய்விட்டுப் படியுங்கள்

அந்தத் திரைக்கதையை வைல்டரோடு எழுதிய ரேமண்ட் சாண்ட்லர், கெயினின் வசனம் படிக்க நன்றாக இருந்தாலும் பேசினால் எடுபடாது என்றார். அதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டாம். 1941-இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் டாஷியல் ஹாமெட்டின் நாவல் வசனம் நிறையவே அப்படியே இருக்கிறது. பேசிப் பார்த்தால்தான் தெரியும். நாங்கள் திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் படித்தோம். "நான் உன்னை நம்பினேன்" என்ற வரி, "உன்னத்தானேப்பா நம்புனேன்" என்று மாறியது.

படி 5: நம் ஊரின் பயத்தைத் தேடுங்கள்

ஹாலிவுட் நுவார் படங்களில் வரும் ஜன்னல் பட்டை நிழலும் மழை நனைத்த தார்ச் சாலையும் லாஸ் ஏஞ்சலீஸுக்குச் சரி. டெல்டாவில் வேறு ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், அப்புறம் நம் ஆறுகளுக்கு. இப்போது முதலாளி அலமாரிச் சாவியைக் கேட்கட்டும். கணக்கர் அரிக்கேன் விளக்கோடு மணலைத் துழாவுகிறார். தூரத்தில் நுரையும் சருகுமாகப் புதுத்தண்ணீர் மணலை நனைத்தபடி வருகிறது. அந்தக் காட்சியை முதலில் எழுதுங்கள்.