புளியங்கொட்டையில் புள்ளியியல்

தொலைதூரக் கல்வியில் எம்.காம். படித்தபோது புள்ளியியல் தாளில் முதல் தடவை நான் வாங்கியது 28 மதிப்பெண். சூத்திரம் எல்லாம் மனப்பாடம்தான். எந்தக் கணக்குக்கு எதைப் போடுவது என்றுதான் தெரியவில்லை. இரண்டாம் தடவை என்னைக் கரையேற்றியது ஆச்சி தாயம் விளையாட வைத்திருந்த நான்கு புளியங்கொட்டைகள். அந்தப் பயிற்சியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு நோட்டும் பேனாவும் போதும்; கால்குலேட்டர் பிறகுதான்.

கொட்டைகளின் ஒரு பக்கத்தை மட்டும் சிமெண்டுத் தரையில் உரசுங்கள். கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரிய வேண்டும். விரல் சுடும், அவசரப்பட வேண்டாம். எங்கள் வீட்டுக் கணக்கில் நான்கையும் உருட்டி ஒரே ஒரு வெள்ளை விழுந்தால் தாயம், நான்கும் கறுப்பானால் எட்டு.

உருட்டுவதற்கு முன்னால், விழக்கூடிய எல்லா வகைகளையும் கையால் எழுதுங்கள். வெள்ளை-கறுப்பு-கறுப்பு-கறுப்பு, கறுப்பு-வெள்ளை-கறுப்பு-கறுப்பு என்று எழுதிக்கொண்டே போனால் 16 வரும். அவற்றில் தாயம் 4, எட்டு 1. இரண்டு பக்கமும் சம வாய்ப்பு என்றால் நூறு உருட்டலில் சுமார் 25 தாயமும் 6 எட்டும் விழ வேண்டும். ஈருறுப்புப் பரவல் என்று பாடத்தில் பயமுறுத்துவது இந்த எண்ணிக்கையைத்தான். பட்டியலைத் தாண்டிக் குதித்து நேராகச் சூத்திரத்துக்குப் போனதால்தான் எனக்கு 28.

சரி, இப்போது நூறு தடவை உருட்டுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறியுங்கள். கட்டிலுக்கு அடியில் ஓடிய கொட்டையைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதை உருட்டும் முன்பே எழுதிவையுங்கள். விழுந்ததைப் பார்த்த பிறகு முடிவு செய்தால், நமக்குப் பிடித்த பக்கம்தான் சாய்வோம். எனக்கு விழுந்தது 15 தாயம், 3 எட்டு. தாயம் விழாமல் சின்ன வயதில் நான் அழுததெல்லாம் ஞாபகம் வந்தது.

25 எங்கே, 15 எங்கே! ஆனால் உடனே கொட்டையைக் குறை சொல்லக்கூடாது. தற்செயலாக எவ்வளவு ஆடும் என்பது கைக்குப் பழக வேண்டும். அதற்கு ஒரு ரூபாய் நாணயத்தைப் பத்துப் பத்தாகச் சுண்டி, ஒவ்வொரு பத்திலும் எத்தனை தலை என்று எழுதுங்கள். நல்ல நாணயத்திலேயே மூன்றும் வரும், ஏழும் வரும். பத்துக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியைச் சுற்றி வழக்கமாக ஆடும் அளவு, ஏறக்குறைய 1.6. நூறு சுண்டினால் 5. சுண்டல் பத்து மடங்கானால் ஆட்டம் மூன்று மடங்கு சொச்சம்தான், அதாவது பத்தின் வர்க்கமூலம் அளவுதான், ஆகிறது. இதைக் கையால் செய்து பார்த்தவருக்கு வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் அதன்பின் வராது.

அப்புறம்தான் சோதனை. ஒரு கொட்டையை மட்டும் நூறு தடவை உருட்டினேன். 61 வெள்ளை. இன்மைக் கருதுகோள், அதாவது சோதிப்பதற்காக முதலில் உண்மை என்று வைத்துக்கொள்வது: இரு பக்கமும் சமம். அது உண்மையென்றால் 50ஐச் சுற்றி 5 திட்ட விலக்கம். 61 அதைவிட 11 கூடுதல். 61 அல்லது அதற்கு மேல், இல்லையென்றால் 39 அல்லது அதற்குக் கீழ் விழும் வாய்ப்பு சுமார் 3.5 சதவீதம். வழக்கமான 5 சதவீதக் கோட்டுக்குக் கீழே வருவதால் ‘சமம்’ என்பதைத் தள்ளிவிடலாம். இதில் 60 மட்டும் விழுந்திருந்தால் வாய்ப்பு 5.7 சதவீதம், தள்ள முடியாது. ஒரே ஒரு வெள்ளையில் தீர்ப்பு மாறுகிறதே என்று தோன்றும். தோன்றட்டும். அந்த 5 சதவீதம் நாம் வைத்துக்கொண்ட வழக்கம், இயற்கை போட்ட கோடு இல்லை.

நான்கு கொட்டையும் இதே போல என்று வைத்துக்கொண்டு, வெள்ளைக்கு 0.61 போட்டால் தாயத்தின் வாய்ப்பு 4 × 0.61 × 0.39 × 0.39 × 0.39. அதாவது சுமார் 14 சதவீதம். எனக்கு விழுந்த 15க்கு விளக்கம் கிடைத்துவிட்டது. ஆச்சி ஏன் எப்போதும் தன் கொட்டையைத்தான் கொண்டுவருவாள் என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் பெரும்பாலோர் சறுக்குவார்கள், நானும் சறுக்கினேன்: ‘கொட்டை சமமாக இருக்க 3.5 சதவீத வாய்ப்பு’ என்று விடைத்தாளில் எழுதினேன். தப்பு. சமம் என்று வைத்துக்கொண்ட பிறகு இப்படி விழும் வாய்ப்புதான் அது. வாக்கியத்தைத் திருப்பிப் போடக்கூடாது.

உருட்டப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கணிதவியலாளர் ஜான் கெர்ரிச் இருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் டென்மார்க்கில் முகாமில் அடைபட்டிருந்தபோது ஒரு நாணயத்தை 10,000 தடவை சுண்டினார், 5,067 தலை. திட்ட விலக்கம் 50, வித்தியாசம் 67. நாணயம் சரியா தப்பா என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

கடைசிப் பயிற்சிக்குச் சமையலறை போதும். தேநீரில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று ருசித்தே கண்டுபிடிக்க முடியுமா என்ற சோதனையைப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935இல் எழுதினார். எட்டுக் கோப்பை, நான்கு ஒரு விதம், நான்கு மறு விதம். எட்டில் நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழி. ஊகத்திலேயே முழுதும் சரியாகச் சொல்ல வாய்ப்பு 1/70.

டிகாஷனை முதலில் ஊற்றிய காபி எனக்குத் தெரியாதா என்பார் என் மாமனார். நான்கில் டிகாஷன் முதலில், நான்கில் பால் முதலில் என்று எட்டுத் தம்ளர் கலந்து, அடியில் எண் ஒட்டி, சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுக் கொடுத்தேன். டிகாஷன் முதலில் ஊற்றிய நான்கில் மூன்றைச் சரியாகச் சொன்னார்.

“மூணு சரியா சொல்லிட்டேன்ல, பாஸ்தானே?”

சரியான நான்கில் மூன்றும் தவறான நான்கில் ஒன்றும் வர 4 × 4 = 16 வழி, நான்கும் சரியாக வர 1. ஆக, ஊகத்திலேயே மூன்றோ அதற்கு மேலோ சொல்ல 17/70, சுமார் 24 சதவீதம்.

“இல்ல மாமா, இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“அப்ப இன்னும் ரெண்டு தம்ளர் குடு.”

நோட்டை எடுத்தேன். மொத்தம் எத்தனை தம்ளர் என்று முதலில் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த காபி என்றேன்.