பேட்டரியில் ஓடும் ராஸ்பெரி பை 4: வேகத்தைக் குறைத்தும் கெடு தவறவில்லை

ராஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில், மோட்டாரின் அதிர்வை 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அலசும் நிரல் அது. வேலை என்னவோ 6 மில்லிசெகண்ட்தான். ஆனால் பேட்டரி மளமளவென்று இறங்கியது. கடிகார வேகத்தைப் பார்த்தால், எந்நேரமும் 1500 மெகாஹெர்ட்ஸிலேயே நிற்கிறது.

காரணம் ஷெட்யூலரில் (எந்த வேலை எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பகுதி) இருந்தது. லினக்ஸில் ஃபைஃபோ முறையில் (அவசர வேலைகளை வந்த வரிசையில் ஓட்டும் முறை) ஓடும் டாஸ்குக்கு, அதாவது ஓடும் நிரலுக்கு, எவ்வளவு வேலை என்று லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குத் தெரியாது. அதனால் கடிகார வேகத்தைத் தீர்மானிக்கும் ஸ்கெட்யூட்டில் கவர்னர் உச்ச வேகத்தையே கேட்கும். பை 4-இல் நான்கு கோருக்கும் ஒரே கடிகாரம் என்பதால், ஒன்று கேட்டால் நான்கும் சேர்ந்து ஓடும். வீண் செலவு!

சரி, கணக்குப் போட்டேன். 600 மெகாஹெர்ட்ஸில் அதே வேலைக்கு 2.5 மடங்கு, அதாவது 15 மில்லிசெகண்ட் ஆகும். கெடு 20. தாராளம். வேகம் குறைந்தால் மின்னழுத்தமும் குறையும். மின்செலவு அழுத்தத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து இறங்குவதால் லாபம் அங்கேதான்.

டாஸ்கை டெட்லைன் முறைக்கு (வேலைக்கு எவ்வளவு நேரம், எதற்குள் முடிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் முறை) மாற்றி, ஓட்ட நேரம் 7 (6-ஐ விடச் சற்றுக் கூடுதல்), கெடு 20, சுற்று 20 மில்லிசெகண்ட் என்று கொடுத்தேன் (நானோசெகண்டில் எழுத வேண்டும், பூஜ்யங்களை எண்ணிப் போடுங்கள்). ஓட்ட நேரத்தை உச்ச வேகத்தில் அளந்தே கொடுக்கலாம், 4.16 அல்லது அதற்குப் பிந்தைய கெர்னல் வேகத்துக்கேற்ப அதை நீட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் வேலை முடிந்ததும் டாஸ்க் தானாகக் கோரை விட்டு விலகிக் கொடுக்க வேண்டும்.

இப்போது பெரும்பாலும் 600-இலேயே நிற்கிறது. வேறு வேலை வந்தால் ஏறும், அது நியாயம்தான். அப்புறம், டெட்லைன் டாஸ்கை ஒரு கோரில் கட்டிப்போட நினைத்தால் கெர்னல் மறுக்கும். அதற்கு, கோர்களைக் குழுவாகப் பிரித்து ஒதுக்கும் சிபியுசெட் வழிதான்.