டிராகன் ஏஜ் 2: மூன்றாம் அங்கத்தைத் திருத்தி எழுதுவது எப்படி

டிராகன் ஏஜ் 2 மேல் எனக்குத் தீராத பிரியம். பயோவேர் 2011 மார்ச்சில் வெளியிட்ட கேம் இது. உலகத்தைக் காப்பாற்றுகிற கதை இல்லை. ஊர் அழிந்து, லோதரிங்கிலிருந்து ஓடிவந்த ஓர் அகதிக் குடும்பம், கிர்க்வால் என்ற ஒரே நகரம், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். அவ்வளவுதான் களம். நாம் விளையாடுவது அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஹாக்; ஆணா பெண்ணா, மந்திரவாதியா இல்லையா என்பது நம் தேர்வு. இரண்டு அங்கங்கள் வரை கதை நம்மைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறது. மூன்றாம் அங்கத்தில் கையை விட்டுவிடுகிறது.

பிடித்த கேமின் கதையைச் சொந்தமாகத் திருத்தி எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்தது இந்தக் கேமில் என்பதால் உதாரணமெல்லாம் இதிலிருந்தே வரும். வழிமுறை எந்த ஃபேன்டஸி கேமுக்கும் பொருந்தும். இன்னும் விளையாடாதவர்கள் விளையாடிவிட்டு வாருங்கள். முடிவு முழுவதையும் இங்கே உடைத்துப் பேசப் போகிறேன்.

முதலில் எதைத் தொடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். இந்தக் கேமைத் திட்டுகிறவர்கள் முதலில் சொல்வது, ஒரே குகையைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்பது. உண்மைதான். ஒன்றரை ஆண்டுக்கும் குறைவான காலத்தில் செய்து முடித்த கேம் அது. ஆனால் அது தயாரிப்பின் குறை. நீங்கள் எழுதப்போவதில் குகையே இல்லை, அதனால் அதை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று, வலிக்கிற காட்சியெல்லாம் குறையான காட்சி ஆகிவிடாது. ஹாக்கின் அம்மா லியாண்ட்ரா இரண்டாம் அங்கத்தில் கொல்லப்படுகிறாள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவளைக் காப்பாற்ற முடியாது. திருத்தி எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் வேலையாக அவளைப் பிழைக்க வைக்கிறார்கள். வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சாவு இந்தக் கதையின் தூண். ஹாக்கின் கூட்டாளியான மந்திரவாதி ஆண்டர்ஸ், சாண்ட்ரி என்ற கோயிலைத் தகர்ப்பதும் அப்படித்தான். அதைத் தடுத்துவிட்டால் எழுதுவதற்கு எதுவும் மிஞ்சாது. கிர்க்வால் விழத்தான் வேண்டும். விழும்போது அதில் நம் கையும் இருந்தது என்று விளையாடுகிறவருக்கு உறைக்க வேண்டும்.

அப்புறம் கடன் பட்டியல். ஒரு நோட்டை எடுத்து, கதை எங்கெல்லாம் கைநீட்டிக் கடன் வாங்கியது, எதையெல்லாம் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எழுதுங்கள். என் பட்டியலில் பெரியவை நான்கு. லியாண்ட்ராவைக் கொன்ற க்வென்டினின் பதுங்கிடத்தில், அவன் கேட்ட புத்தகங்களைப் பற்றி 'ஓ' என்று கையெழுத்திட்டு யாரோ எழுதிய ஒரு கடிதம் கிடைக்கிறது. அதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடிவதில்லை. பார்ட்ரண்ட் என்பவன் திருடிக்கொண்டு ஓடிய, மனதைக் கலக்கும் மந்திரக் கனிமமான சிவப்பு லிரியத்தாலான சிலை, கடைசிச் சண்டையில், மந்திரவாதிகளைக் காவல் காக்கும் டெம்ப்ளர் படையின் தலைவி மெரெடித்தின் வாளாக வந்து நிற்கிறது. முதல் அங்கத்தில் நாம் தப்பவிட்ட கிரேஸ் என்ற மந்திரவாதி, உதவி செய்தவர் யாரென்று பார்க்காமல் மூன்றாம் அங்கத்தில் நம்மீதே வஞ்சம் தீர்க்க வருகிறாள். நான்காவது, ஹாக்கே மந்திரவாதியாக இருந்தாலும் நடுத்தெருவில் நெருப்பு வீசலாம். அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதே வேலையான டெம்ப்ளர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத எதையும் புதிதாகக் கொண்டுவராதீர்கள். புதுப் பாத்திரம், புதுத் தீர்க்கதரிசனம், புது வில்லன் எதுவும் வேண்டாம். ஓட்டையை அடைக்கத் தேவையானது பெரும்பாலும் கேமிலேயே எங்கோ கிடக்கும்.

அதே கேம் சரியாகச் செய்த ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது வெள்ளை லில்லிப் பூ. முதல் அங்கத்தில் காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடிப் போனால் எலும்புகள் கிடைக்கின்றன. எமெரிக் என்ற டெம்ப்ளர் ஒருவர் மட்டும் இதை விடாமல் துரத்துகிறார். அவர் பேச்சை யாரும் மதிப்பதில்லை. இரண்டாம் அங்கத்தில் அவரும் கொல்லப்படுகிறார். காணாமல்போகும் பெண்களுக்கு முன்னதாக வெள்ளை லில்லி வருகிறது என்பது அதற்குள் நமக்குத் தெரிந்திருக்கும். ஒரு நாள் வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை, வெள்ளை லில்லி இருக்கிறது. யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. முதலில் வேறொருவர் பிரச்சினையாக ஒரு முறை, அடுத்து இன்னும் கொஞ்சம் நெருக்கத்தில், கடைசியாக நம் வீட்டுக்குள். கடிதத்தையும் சிலையையும் இதே போல மூன்று இடங்களில் தொட்டுவிட்டால் மூன்றாம் அங்கத்தின் பாதி சிக்கல் தீர்ந்துவிடும்.

இனி முக்கியமான காட்சி. ஆர்சினோ (ஆங்கிலத்தில் Orsino; கடிதத்தில் இருந்த 'ஓ' இவர்தான்), மந்திரவாதிகளை அடைத்துவைக்கும் கிர்க்வால் சர்க்கிளின் தலைமை மந்திரவாதி. மந்திரவாதிகளுக்காக எல்லோரையும் பகைத்துக்கொண்டு நாம் அவர் பக்கம் நிற்கிறோம். "மந்திரவாதிகள் எல்லோரும் இரத்த மந்திரக்காரர்கள் இல்லை" என்பதுதான் அந்தப் பக்கத்தின் வாதமே. சண்டை நடுவில் அவர் நம்பிக்கை இழந்து, விழுந்து கிடக்கும் பிணங்களை இரத்த மந்திரத்தால் ஒன்றுசேர்த்து ஒரு அரக்க உருவமாகி, நம்மையே தாக்குகிறார். டெம்ப்ளர் பக்கம் நின்றிருந்தால் இது பொருந்துகிறது: மூலையில் மாட்டிக்கொண்டவர் கடைசி ஆயுதத்தை எடுக்கிறார். நம் பக்கத்தில் நிற்கும்போது பொருந்தவில்லை. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சண்டையை வைத்ததால் வந்த வினை இது.

இப்படிப்பட்ட இடத்தைத் திருத்தும்போது அந்தக் காட்சியை நேரடியாகத் தொடாதீர்கள். பின்னோக்கிப் போங்கள். ஆர்சினோ இப்படி ஆவதற்கான காரணத்தை வைக்க, கதையில் கடைசியாகக் கிடைக்கும் இடம் எது? மூன்றாம் அங்கத்தில் அவர் நம்மை அழைத்து, இரவில் பணக்காரர் பகுதியான ஹைடவுனில் நடக்கும் ரகசியக் கூட்டங்களைப் பற்றி விசாரிக்கச் சொல்கிறாரே, அந்தச் சந்திப்பு. ஹாக் அங்கே தனக்குக் கிடைத்த கடிதத்தோடு போகட்டும்.

நான் எழுதியதில் ஒரு பகுதியைத் தருகிறேன். என் ஹாக் ஒரு பெண், வாள் வீராங்கனை. அவள் தங்கை பெத்தனி மந்திரவாதி, சர்க்கிளில் இருக்கிறாள்.

ஹாக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். ஆர்சினோ அதைத் தொடவில்லை. தன் கையெழுத்தைப் படித்துப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

"எங்கே கிடைத்தது?"

"என் அம்மாவின் தலையை வேறொரு உடம்பில் தைத்து வைத்திருந்த அறையில்."

ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் சின்னப் பிள்ளைகள் வரிசையாக நடந்துபோனார்கள். முன்னால் பெத்தனி. ஆர்சினோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"அவன் எதற்குப் புத்தகம் கேட்கிறான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பான்."

இவ்வளவுதான். இதற்கு மேல் அவரைப் பேசவிடாதீர்கள். தன் பக்க நியாயத்தை அவரே விளக்க ஆரம்பித்தால் வாசகருக்கு வேலையில்லாமல் போய்விடும். ஜன்னலைச் சாத்துவது போதும்: தங்கைக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறாரா, அந்தப் பிள்ளைகளைப் பார்க்கக் கூசுகிறதா என்று படிக்கிறவர் யோசிக்கட்டும். பெத்தனியை அங்கே வைத்ததற்கும் காரணம் உண்டு. முதல் அங்க முடிவில் பூமிக்கடியில் போகும் நெடும்பயணத்துக்குக் கூட்டிப்போகாமல் வீட்டில் விட்டுவிட்டால் அவளை டெம்ப்ளர்கள் சர்க்கிளுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அதன் பிறகு கதையில் அவள் வருவதே அபூர்வம். கூடப்பிறந்தவள் அடைபட்டிருக்கும் கட்டடத்தைப் பற்றித்தான் ஊரே சண்டை போடுகிறது, அவளோ கண்ணில் படுவதில்லை. ஜன்னலுக்கு வெளியே நாலு வரி கிடைத்தாலும் அவளை நடக்க விடுங்கள்.

இந்தச் சந்திப்பில் ஹாக்குக்கு மூன்று வழி கொடுத்தேன். கடிதத்தை ஆர்சினோ முன்னாலேயே எரித்துவிடலாம். தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். மெரெடித்திடம் கொடுக்கலாம். மூன்றிலும் சர்க்கிள் அழிக்கப்படும், அது மாறாது. எரித்திருந்தால் கடைசி இரவில் ஆர்சினோ உருமாறமாட்டார். பிள்ளைகளைப் படகேற்றும்வரை வாசலில் நின்று சாவார். கையில் வைத்துக்கொண்டிருந்தால், தன்னை இந்த ஆள் இன்னும் நம்பவில்லை என்ற எண்ணத்தோடேயே அவர் சண்டைக்கு வருவார். கேமில் உள்ள உருமாற்றம் அப்படியே நடக்கும், இந்த முறை காரணத்தோடு. மெரெடித்திடம் கொடுத்திருந்தால், சாண்ட்ரி தகர்ந்ததும் சர்க்கிளையே அழிக்கும் உரிமையைப் பயன்படுத்துவதாக அவள் அறிவிக்கும்போது கையில் அந்தக் கடிதம் இருக்கும். தகர்த்தவன் ஆண்டர்ஸ், அவன் கிர்க்வால் சர்க்கிளைச் சேர்ந்தவனே இல்லை. அவன் செய்ததற்கு இவர்களைத் தண்டிக்கிற அநியாயத்துக்கு நாம் கொடுத்த தாள் சாட்சி. எனக்கு மிகவும் பிடித்த கிளை இதுதான்.

தேர்வு என்றால் முடிவு மாறியே ஆகவேண்டும் என்று நினைத்து முடிவுகளைப் பெருக்கிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிவு ஒன்றாகவே இருக்கட்டும். அதில் யார் எப்படி நிற்கிறார்கள் என்பது மாறினால் போதும்.

மெரெடித்துக்கு வருவோம். அவளுடைய பயத்துக்குக் காரணம் உண்டு. கூடப்பிறந்தவள் அமேலியா மந்திரவாதி. குடும்பம் அவளைச் சர்க்கிளுக்கு அனுப்பாமல் மறைத்து வைத்தது. பேய் பிடித்த அவள் குடும்பத்தையும் ஊரில் பலரையும் கொன்றாள். இப்படி ஒரு கதை கையில் இருக்கும்போது, கடைசியில் சிவப்பு வாளை நீட்டி "எல்லாம் இந்தச் சிலையால் வந்த பைத்தியம்" என்று முடிப்பது அவளுக்குச் செய்யும் துரோகம். திருத்துவது எளிது. அமேலியாவின் கதையை இரண்டாம் அங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். மெரெடித் நிதானமாக இருக்கும் நாளில், அவள் வாயாலேயே வரட்டும். கேட்கிறவர் ஒரு நிமிஷமாவது "இவள் சொல்வதும் சரிதானே" என்று நினைக்க வேண்டும். சிலை அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கும். உண்டாக்காது.

சிலையின் மூன்று தொடுதல்களுக்கு ஹாக்கின் கூட்டாளி வாரிக்கைப் பயன்படுத்தினேன். பார்ட்ரண்ட் அவனுடைய அண்ணன். அவன் புத்தி கலங்கியதை வாரிக் கண்ணால் பார்த்தவன். மூன்றாம் அங்கத்தில் அண்ணனின் பழைய மாளிகையில் சிலையின் ஒரு துண்டு அவனுக்குக் கிடைப்பதும் கேமிலேயே உண்டு. அந்தத் துண்டு பையில் இருக்க, அவன் மெரெடித்தின் அறை வாசல்வரை வந்து, உள்ளே வரமாட்டேன் என்று நின்றுவிடுகிறான். என்ன என்று கேட்டால், அண்ணன் வீட்டில் கேட்ட பாட்டு இங்கேயும் கேட்கிறது என்கிறான். வாளைப் பற்றி ஒரு வார்த்தை தேவையில்லை.

வாரிக் என்றதும் ஓர் எச்சரிக்கை. இந்தக் கதை முழுவதையும், பின்னால் கசாண்ட்ரா என்பவள் நடத்தும் விசாரணையில் அவன்தான் சொல்கிறான். பொய்யும் சொல்கிறான், அண்ணன் மாளிகைக்குள் தனியாளாகப் புகுந்து எல்லோரையும் வீழ்த்தியதாக ஒரு காட்சியையே அளந்துவிடுகிறான், கசாண்ட்ரா நம்பமாட்டேன் என்கிறாள். இதைப் பார்த்ததும், பிடிக்காத எல்லாவற்றையும் "வாரிக் சொன்ன பொய்" என்று தள்ளிவிடத் தோன்றும். ஒரு முறைக்கு மேல் செய்தால் வாசகர் எதையும் நம்பமாட்டார். நான் அதை ஒரே இடத்தில் வைத்தேன்: ஆர்சினோ வாசலில் நின்று செத்த கிளையில், கசாண்ட்ராவிடம் வாரிக் "அவர் அரக்கனாக மாறிவிட்டார்" என்றே சொல்கிறான். படகில் போன பிள்ளைகளை யாரும் தேடக்கூடாது என்பதற்காக.

கிரேஸ் விஷயத்தில் அதிகம் மெனக்கெட வேண்டாம். தப்பவிட்டவர்களிடம் அவள் வஞ்சத்தோடு வராமல் உதவி கேட்டு வரட்டும்; அந்த ரகசியக் கூட்டங்களில் நடக்கும் சதியின் தலைமையை அவள் கூட்டாளிகளில் வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும்.

எழுதி முடித்ததும், உங்களுக்கு நேர்மாறாக விளையாடிய ஒருவரிடம் கொடுங்கள். என் தம்பி எப்போதும் டெம்ப்ளர் பக்கம். அவனுடைய ஹாக் மந்திரவாதி, வீட்டில் உயிரோடிருப்பது ஹாக்கின் தம்பி கார்வர். படித்துவிட்டு, "அக்கா, ஜன்னலுக்கு வெளியே பெத்தனி நடக்கிறாள் சரி. எனக்கு அவள் ஓக்ரே அடித்து முதல் மணி நேரத்திலேயே செத்துவிட்டாளே, நான் யாரைப் பார்ப்பது?" என்று கேட்டான். இந்தக் கேள்விக்காகத்தான் அடுத்தவரிடம் கொடுப்பது. கார்வரை வீட்டில் விட்டுப்போனால் அவன் டெம்ப்ளராகிறான். என் தம்பியின் கதையில் அதே முற்றத்தில் காவலுக்கு நிற்பது கார்வர்; ஆர்சினோ ஜன்னலைச் சாத்துவது பேச்சு அவன் காதில் விழாமலிருக்க. காட்சியின் பொருளே வேறாகிவிட்டது, மாறியது இரண்டு வரி. ஹாக்கின் மூன்று வகுப்பு, உயிரோடிருப்பது தங்கையா தம்பியா, அவர்கள் போனது சர்க்கிளுக்கா, டெம்ப்ளர்களிடமா, கிரே வார்டன் என்ற வீரர் படையிடமா, அல்லது பயணத்திலேயே இறந்தார்களா என்று ஒவ்வொன்றுக்கும் எழுதியதை ஓட்டிப் பாருங்கள்.

எந்த வடிவில் எழுதுவது என்று கேட்பீர்கள். முதல் டிராகன் ஏஜுக்குத் தந்ததுபோல இதற்கு, கேமை மாற்றியமைக்க உதவும் அதிகாரபூர்வமான டூல்செட் வெளிவரவில்லை. குரல் நடிப்பு வேறு இருக்கிறது. அதனால் மோட் செய்வது பெரும்பாடு. உரைநடையாக எழுதலாம். நாலு பேர் சேர்ந்தால் மேசையில் பகடை உருட்டியும் விளையாடலாம். கிரீன் ரோனின் வெளியிட்ட டிராகன் ஏஜ் விதிப் புத்தகம் அதற்கு உதவும். எப்படிச் செய்தாலும் விலைக்கு விற்காதீர்கள், உலகமும் பாத்திரங்களும் அவர்களுடையவை.

பட்டியலில் கடைசியாக நின்ற கடன், மந்திரவாதி ஹாக். இதற்கு நான் காட்சி எதுவும் சேர்க்கவில்லை. மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் ஆர்சினோவும் மெரெடித்தும் ஹைடவுனில் மக்கள் முன்னால் வாக்குவாதம் செய்கிறார்களே, அங்கே மெரெடித்துக்கு ஒரு வரி கொடுத்தேன். (அரிஷோக், இரண்டாம் அங்க முடிவில் ஊரைத் தாக்கும் படையின் தலைவன்; அந்தத் தாக்குதலை முறியடித்ததால்தான் ஹாக்குக்குச் சாம்பியன் பட்டம்.) "அரிஷோக்கை நீங்கள் கொன்ற அன்று இந்த ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, சாம்பியன். இல்லையென்றால் அன்றிரவே உங்களைக் கூட்டிப்போயிருப்பேன்." தம்பி இதைப் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து விளையாட ஆரம்பித்திருக்கிறான்.