கொட்டேஷன் போடும் முன் பழைய ஃபைலைத் திறந்து பாருங்கள்

"பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று வேண்டும், எவ்வளவு ஆகும்?" என்று போனில் கேட்டால் உடனே தொகை சொல்லாதீர்கள். ஒரு மளிகை மொத்தக் கடைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் என்று நினைத்த வேலை இரண்டு மாதம் இழுத்தது. இப்போது செய்யும் முறை இதுதான்.

1. கடைக்கு நேரில் போங்கள். முதலாளியிடம் பேசிய பிறகு கல்லாவில் இருப்பவரிடமும் பேசுங்கள். பாக்கி எப்படி எழுதுகிறார்கள், பிரித்த மூட்டை திரும்பி வந்தால் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

2. பில், பாக்கி நோட்டு, சரக்கு நோட்டு எல்லாவற்றையும் அனுமதி கேட்டுப் படம் எடுங்கள்.

3. பழைய டேட்டா. நான் மாட்டிக்கொண்ட இடம் இது. "லிஸ்ட் எக்ஸெலில் இருக்கு" என்றார்கள், நம்பிவிட்டேன். வேலை தொடங்கிய பிறகு திறந்தால் பொருள் பெயர்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். அதில் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் தமிழ் வடிவம் கொடுத்திருப்பார்கள். எழுத்துருவை எடுத்துவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துகள்தான் மிஞ்சும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றக் கன்வெர்ட்டர்கள் உண்டு. ஆனால் ஒரே கட்டத்தில் ஆங்கில பிராண்டு பெயரும் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து மாற்றிவிடும். ஒவ்வொரு வரியாகக் கையால் திருத்தினேன். அதனால் மாதிரி ஃபைல் வேண்டாம், உண்மையான ஃபைலையே கேளுங்கள். 50 வரியை மாற்றிப் பார்த்துவிட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள்.

4. பிரிண்டர் மாடலைக் குறித்துக்கொள்ளுங்கள். பல தெர்மல் பிரிண்டர்களில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழ் பில் வேண்டுமென்றால் பில்லைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அது தனி வேலை, தனித் தொகை.

5. எல்லாவற்றையும் கூகுள் ஷீட்டில் எழுதுங்கள். இருபது பக்க வேர்டு ஃபைலை எந்தக் கடைக்காரரும் படிப்பதில்லை. "வேண்டும்", "இப்போது வேண்டாம்", "யார் தர வேண்டும்" என்று மூன்று பத்தி (column) போதும். இரண்டாவது பத்திதான் பின்னால் வரும் சண்டையைத் தவிர்க்கும். வாட்ஸ்அப் வாய்ஸில் சொன்னதையும் இதில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிவிடுங்கள்.

6. இனி தொகை. 18 சதவீத ஜிஎஸ்டி, சர்வர் செலவு இரண்டையும் தனி வரியாகக் காட்டுங்கள். இந்த ஆய்வுக்கே சிறு கட்டணம் வாங்குவது நியாயம் என்பேன். ஒரு முழு நாள் உழைப்பு அது.

பின்சேர்க்கை: சாஃப்ட்வேரிலிருந்து வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் வசதி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, வணிக எஸ்எம்எஸ் அனுப்புவோருக்கான டிஎல்டி தளத்தில் கடையின் பெயரில் பதிவு வேண்டும், அனுப்பும் வாசகங்களுக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும். கடைக்காரரின் ஆவணங்கள் இல்லாமல் நடக்காது என்பதால் "யார் தர வேண்டும்" பத்தியில் இதை முதல் வரியாகப் போடுங்கள்.