ஸ்பிதிக்கு பைக்கில்: கின்னோர் வழியாக ஏறுங்கள், குன்சும் வழியாக இறங்குங்கள்

இமாச்சலப் பிரதேசத்தின் உயர்ந்த மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிதிக்குப் போக இரண்டு வழி. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னோர் வழியாகப் போவது ஒன்று. மணாலியிலிருந்து குன்சும் கணவாயைத் தாண்டிப் போவது இன்னொன்று. மணாலி வழி குறுக்கு. ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குச் சுமார் 200 கி.மீ. அதனாலேயே பலர் அதைப் பிடிக்கிறார்கள், முதல் ராத்திரியே காசாவில் தலைவலியும் வாந்தியுமாகப் படுத்துவிடுகிறார்கள். 2,000 மீட்டரில் காலையில் கிளம்பி, 4,550 மீட்டர் கணவாயைத் தாண்டி, அன்றைக்கே 3,650 மீட்டரில் தூங்கினால் உடம்பு தாங்காது. கின்னோர் வழியாக ஏறி மணாலிப் பக்கம் இறங்குவதுதான் சரி.

செப்டம்பரில் போங்கள். குன்சும் பெரும்பாலும் ஜூன் முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கின்னோரில் மழையும் மண்சரிவும் சேர்ந்து வரும். நாகோ அருகிலுள்ள மல்லிங் நாலா என்னும் ஓடை மழை பெய்தால் கேட்காமலே சாலையை மூடிவிடும். கிளம்பும் அன்று கின்னோரின் தலைநகரான ரெக்காங் பியோவில் பஸ் டிரைவர்களிடம் விசாரியுங்கள். ஆன்லைனில் கிடைக்கும் தகவலைவிட அது புதுசு.

எங்கே தூங்குகிறோம் என்பதுதான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. 3,000 மீட்டருக்கு மேல், முந்தைய இரவைவிட 500 மீட்டருக்கு அதிகமாக ஏறித் தூங்கக் கூடாது. முதல் இரவு நார்கண்டா (2,700 மீ). அடுத்து கல்பாவில் (2,960 மீ) இரண்டு இரவு. கல்பாவுக்குப் பிறகு எல்லோரும் நாகோவில் (3,660 மீ) தங்குவார்கள். அது ஒரே நாளில் 700 மீட்டர் ஏற்றம். நாகோவில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, தாபோவுக்கு (3,280 மீ) இறங்கித் தூங்குங்கள். நாள் நீளம்தான், விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும், ஆனாலும் மறுநாள் தலை தெளிவாக இருக்கும். பிறகு காசாவில் (3,650 மீ) குறைந்தது இரண்டு இரவு. ஹிக்கிம், கோமிக் போன்ற 4,400 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களுக்கு இரண்டாம் நாளில் போய்விட்டு, தூங்க காசாவுக்கே திரும்பிவிடுங்கள்.

உயரத்தால் வரும் மலைநோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை (டயமாக்ஸ் என்று கடையில் கேட்பார்கள்) வழக்கமாக 125 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பதால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, இருமல் நிற்காமல் இருப்பது, ஒரு கோட்டில் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொன்னால் தள்ளாடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரியானாலும் ஜீப் பிடித்துக் கீழே இறக்குங்கள். அந்த நிலையில் அவரைப் பைக் ஓட்டவிடக் கூடாது.

இனி வண்டி. 4,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேல்தான். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் கலவையைச் சரிசெய்துகொள்ளும், ஆனால் போன பவரைத் திருப்பித் தராது. பழைய கார்புரேட்டர் புல்லட் என்றால் கலவை பெட்ரோல் மிகுந்து ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். உபரி பிளக் ஒன்றும் பிளக் ஸ்பானரும் பையில் இருக்கட்டும். ஏர் ஃபில்டர் தூசியில் அடைத்தாலும் இதே தொல்லை வரும். புதிது ஒன்றைக் கொண்டுபோய் காசாவில் மாற்றிவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சமவெளியில் அடித்த காற்று மேலே போகப் போக டயரில் இறுகும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 4,000 மீட்டரில் கேஜ் சுமார் 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், குளிர் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். இதைத் தெரியாமல் விட்டால் ஜல்லியில் வண்டி துள்ளும். தாபோவில் காலைக் குளிரில் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்குங்கள். குன்சுமுக்கு முன்னுள்ள கடைசி ஊரான லோசாருக்கு அப்பால் தார் போனதும் இன்னும் 4 குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் கூர்மையான கல்லில் டியூப் நசுங்கிக் கிழியும், ரிம்மும் வளையும்.

ஸ்போக் வீல் வண்டிக்கு முன்டியூப் ஒன்று, பின்டியூப் ஒன்று, டயர் லீவர் மூன்று, பம்பு. பின்சக்கரத்தை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வண்டியோடு வந்த டூல்கிட் ஸ்பானர் ஆக்சில் நட்டில் வழுக்குகிறதா என்று அங்கே தெரிந்துகொள்வது நல்லது, குன்சுமுக்கு அப்பாலுள்ள பட்டாலில் அல்ல. புது கிளட்ச் கேபிளைப் பையில் போடாமல், பழையதன் கூடவே பக்கத்தில் வைத்து டேப் சுற்றிவிடுங்கள். அறுந்தால் இரு முனையையும் மாற்றி மாட்டினால் போதும்.

பெட்ரோலுக்கு ரெக்காங் பியோவுக்குக் கீழே பவாரியில் டேங்கை நிரப்புங்கள். அடுத்து காசா, காசாவை விட்டால் மணாலி. 15 லிட்டர் டேங்க் உள்ள ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு இது போதும். சின்ன டேங்க் என்றால் காசா சுற்றுவட்டார ஊர்களுக்குப் போய் வருவதையும் கணக்கில் சேர்த்து, 5 லிட்டர் கேனில் எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ரொக்கமும் வேண்டும். காசா ஏடிஎம்மை நம்பாதீர்கள்.

பௌத்த மடங்களில் அவசரப்படாதீர்கள். தாபோ கி.பி. 996-இல் கட்டப்பட்டது. வெளியே பார்த்தால் வெறும் மண்சுவர். உள்ளே ஆயிரம் வருட ஓவியங்களும் சுவரில் பதித்த சுதைச் சிற்பங்களும். உள்ளே படம் எடுக்கத் தடை. இருட்டு என்பதால் சின்ன டார்ச் கொண்டுபோங்கள், ஓவியத்தைத் தொடாதீர்கள். ஹெல்மெட், தொப்பி, காலணி வாசலில். எந்த மடத்தையும், ஸ்தூபியையும், பிரார்த்தனைச் சக்கரத்தையும் வலமாகவே சுற்ற வேண்டும். நம் கோயில் பழக்கம்தான். தன்கர் ஸ்பிதியின் பழைய தலைநகர். சிச்லிங்கில் பிரியும் 8 கி.மீ. சாலை செங்குத்து, சிலசமயம் முதல் கியர்தான் இழுக்கும். கீ மடம் 4,166 மீட்டரில் இருக்கிறது. படிகளில் மெதுவாக ஏறுங்கள்.

கடினமான பகுதி கடைசியில்தான்: குன்சும் முதல் பட்டால், சத்ரு, கிராம்பு வரை. தார் என்று சொல்ல ஒன்றுமில்லாத உருட்டுக்கல் பாதை, நடுவே பனியாறு உருகி வரும் ஓடைகள். வெயில் ஏற ஏற ஓடைத் தண்ணீர் பெருகும். அதனால் காசாவிலிருந்து அல்ல, லோசாரிலிருந்து (4,080 மீ) காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பட்டாலுக்கு அப்பாலுள்ள ஓடைகளை மதியத்துக்குள் தாண்டிவிடலாம். முதலில் நடந்து ஆழம் பாருங்கள். முழங்காலுக்கு மேல் என்றால் காத்திருங்கள். முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கண் எதிர்க்கரையில். பாதியில் கிளட்சைப் பிடித்தால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறும், கிளட்ச் பிளேட்டும் கருகும். உள்ளே நின்றுவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தள்ளிக் கரையேற்றி, ஏர் பாக்ஸில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்; இருந்தால் பிளக்கைக் கழற்றி, இன்ஜினைச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சுவிட்ச்.

கிராம்புவில் இடதுபக்கம் ஏறினால் ரோதாங் கணவாய், அதற்குத் தனி பெர்மிட் வேண்டும். வலப்பக்கம் கோக்சர் வழியாக அடல் சுரங்கத்துக்குப் போனால் பெர்மிட் தேவையில்லை. ஓடைகளில் நனைந்த பிரேக்கை இறக்கத்துக்கு முன் லேசாக அழுத்தியபடி ஓட்டிக் காய வையுங்கள்.