டிஓசி-ல எல்லாரும் கேக்குற டவுட்டு, அத எப்படி உக்காந்து தீக்கலாம்

டிஓசி (தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன்) பேப்பர் வந்த உடனே ஜூனியர்ஸ் கேக்குற கேள்வி வருஷா வருஷம் கிட்டத்தட்ட ஒண்ணேதான், பம்பிங் லெம்மா தலைகீழா இருக்கு, ரிடக்‌ஷன் எந்தப் பக்கம் போகணும், என்பி-ன்னா என்ன, இதப் படிச்சு என்ன பண்றது. இத்தன பேருக்கு சொல்லிக் குடுத்ததுல எனக்குப் பட்டது, இதுல பாதிக்கு மேல கணக்கு வராததால வர்ற டவுட்டு இல்ல, "எல்லாத்துக்கும்"னு எங்க சொல்றாங்க, "ஏதோ ஒண்ணுக்கு"ன்னு எங்க சொல்றாங்கன்னு பாக்காம தாண்டிப் போறதால வர்ற டவுட்டு. ஒரு பென்சில் எடுத்து அந்த ரெண்டு வார்த்தையையும் வட்டம் போட்டுட்டே படிங்க, நிஜமாவே உதவும்.

முதல்ல பம்பிங் லெம்மா, ஒரு மொழி (அதாவது ஸ்ட்ரிங்குகளோட தொகுப்பு) ரெகுலர் இல்லன்னு காட்டுறதுக்கு. ரெகுலர்னா, ஸ்டேட் எண்ணிக்கை ஒரு அளவோட நிக்குற மெஷினால அடையாளம் காண முடியுறது, அந்த எண்ணிக்கைதான் எம். நான் படிக்கிறப்ப ஒரு இன்டர்னல்ல "எம் = 4 ன்னு வச்சுக்குவோம்"னு ஆரம்பிச்சு ஒரு பக்கம் முழுக்க எழுதினேன், மார்க்கே வரல, எங்க தப்புன்னு பேப்பர்லயும் எழுதல, கேட்டப்பயும் சொல்லல. அது ரொம்ப நாள் உறுத்துச்சு. தப்பு அந்த முதல் வரியிலயே இருந்துச்சு, ஏன்னா எம்-ஐ முடிவு பண்ற உரிமை நமக்குக் கிடையாது.

ரெண்டு பேர் ஆடுற ஆட்டமா வச்சுப் பாருங்க. மொழி, எத்தன 0 வருதோ அதுக்கப்புறம் அத்தன 1 வரணும், அவ்ளோதான். எதிராளி "இது ரெகுலர், என் மெஷின்ல எம் ஸ்டேட்"ங்கிறான், எம் எவ்ளோன்னு அவன் இஷ்டம். நீங்க மொழியில இருந்து ஒரு ஸ்ட்ரிங் குடுக்கணும், எம் தடவ 0, எம் தடவ 1 குடுங்க. அவன் அத மூணு துண்டா வெட்டுவான், முதல் ரெண்டு துண்டும் சேந்து எம் எழுத்துக்கு மேல போகக் கூடாது, நடுத்துண்டு காலியா இருக்கக் கூடாது. வெட்டுறதும் அவன் இஷ்டம், ஆனா முதல் எம் எழுத்தும் 0 தானே, அதனால எப்படி வெட்டினாலும் நடுத்துண்டுல 0 மட்டும்தான் மாட்டும். இப்ப நீங்க நடுத்துண்ட ரெண்டு தடவ போடுறீங்க, 0 கூடிருச்சு, 1 அப்படியே இருக்கு, ஸ்ட்ரிங் மொழிய விட்டு வெளிய போயிருச்சு, நீங்க ஜெயிச்சாச்சு.

ஏன் இப்படி ஒரு நடுத்துண்டு இருந்தே ஆகணும்னு கேட்டா, எம் எழுத்து படிச்சு முடிக்கிறப்ப ஆரம்ப ஸ்டேட்டையும் சேத்து எம்+1 தடவ ஏதாவது ஒரு ஸ்டேட்ல நின்னிருப்போம், 10 ஸ்டாப் இருக்குற ரூட்ல 11 தடவ நின்னா ஏதோ ஒரு ஸ்டாப் ரெண்டாவது தடவ வந்துதானே ஆகணும், அந்தச் சுத்துதான் நடுத்துண்டு. ஸ்ட்ரிங் எடுக்கிறப்ப முதல் எம் எழுத்தும் ஒரே எழுத்தா வர்ற மாதிரி எடுத்தா அனேகமா கேஸ் பிரிச்சு எழுதுற வேலையே மிச்சம். இன்னொண்ணு, லெம்மாவ வச்சு ஒரு மொழி ரெகுலர்னு நிரூபிக்கவே முடியாது, லெம்மாவுக்கு ஒத்துப்போற ரெகுலர் இல்லாத மொழிகளும் இருக்கு. ரெகுலர்னு காட்டணும்னா மெஷினையோ ரெகுலர் எக்ஸ்பிரஷனையோ எழுதிக் காட்டிருங்க.

அடுத்து என்பி. இது "நான் பாலினாமியல்" இல்லவே இல்ல, "நான்டிடர்மினிஸ்டிக் பாலினாமியல்". காலேஜ்ல எக்ஸாம் டைம்டேபிள் போடுறத நினைச்சுக்கோங்க, ஒரே ஸ்டூடண்ட் எழுத வேண்டிய ரெண்டு பேப்பர் ஒரே ஸ்லாட்ல விழக் கூடாது, மொத்தம் 3 ஸ்லாட் தான். யாராவது டைம்டேபிள் போட்டு நீட்டுனா மோதல் இருக்கா இல்லையான்னு சட்டுனு செக் பண்ணிரலாம், இப்படிச் செக் பண்ண முடியுற "ஏதோ ஒரு" விடை இருந்தாப் போதும், அது என்பி. பி-ல (பாலினாமியல் நேரத்துல, அதாவது வேகமா தீக்க முடியுற ப்ராப்ளங்கள்ல) இருக்கிற எல்லாமே என்பி-லயும் இருக்கு, அதையும் நிறைய பேர் மறந்துடுறாங்க. 2 ஸ்லாட்னா இதே கேள்வி ஈஸி, ஒரு பேப்பர முதல் ஸ்லாட்ல வச்சுட்டு மோதுறதையெல்லாம் மாத்தி மாத்தி வச்சுட்டே போனா முடிஞ்சுரும். 3-ன்னு ஆன உடனே என்பி-கம்ப்ளீட், அதாவது என்பி-லயே ரொம்பக் கஷ்டமான வகை. 2-க்கும் 3-க்கும் நடுவுல இப்படி ஒரு பள்ளம் இருக்குன்னு முதல் தடவ பாத்தப்ப எனக்கு ராத்திரி தூக்கம் வரல.

சரி, 4 ஸ்லாட்டும் கஷ்டம்னு எப்படிக் காட்டுறது? இங்கதான் ரிடக்‌ஷன் திசை. ரிடக்‌ஷன்னா ஒரு ப்ராப்ளத்த இன்னொண்ணா மாத்தி எழுதுறது. கஷ்டம்னு ஏற்கனவே தெரிஞ்சத எடுத்து புதுசுக்குள்ள போடணும், புதுச எடுத்து பழசுல போடக் கூடாது. ஒரு லிஸ்ட்ட ஸார்ட் பண்றதக் கூட சாட் ப்ராப்ளமா (ஒரு லாஜிக் ஃபார்முலாவ உண்மையாக்க முடியுமான்னு கேக்குறது, கஷ்டம்னு தெரிஞ்சது) மாத்தி எழுதலாம், அதுக்காக ஸார்ட்டிங் கஷ்டம்னு ஆயிருமா என்ன? அதனால "4 ஸ்லாட்ட தீக்குற மெஷின் கைல இருக்கு, அத வச்சு 3 ஸ்லாட்ட தீக்குறேன்"னு முதல் வரியிலயே எழுதிருங்க, திசை மாறாது. வழி என்னன்னா, குடுத்த 3 ஸ்லாட் லிஸ்ட்ல எல்லா ஸ்டூடண்டும் எழுதுற ஒரு புது பேப்பர் சேருங்க. அது எல்லாத்தோடயும் மோதும், அதனால அதுக்கு மட்டும் தனி ஸ்லாட் போயிரும், பழைய பேப்பர் எல்லாம் மீதி 3-ல அடங்கியாகணும். முதல்ல 3-ல அடங்குச்சுன்னா இப்ப 4-ல அடங்கும், இப்ப 4-ல அடங்குச்சுன்னா முதல்ல 3-ல அடங்கும், இந்த ரெண்டு பக்கமும் எழுதணும், ஒண்ண விட்டா ப்ரூஃப் பாதியில நிக்குது. சாட் கஷ்டம்னு ஸ்டீஃபன் குக் காட்டினது 1971, அடுத்த வருஷமே ரிச்சர்ட் கார்ப் 21 ப்ராப்ளத்த இப்படி ஒண்ணுல இருந்து ஒண்ணா கோத்துக் காட்டினார், அதுல கலரிங்கும் (கோடால இணைஞ்ச ரெண்டு புள்ளிக்கு ஒரே கலர் வராம பூசுறது) ஒண்ணு, நம்ம டைம்டேபிள் அதேதான்.

ஒரு ப்ரோக்ராம் எப்பவாவது நிக்குமான்னு கேக்குற ஹால்டிங் ப்ராப்ளத்துல "என் ப்ரோக்ராம் நிக்குமான்னு எனக்கே தெரியுதே"ம்பாங்க. ஒரு ப்ரோக்ராமுக்குத் தெரியலாம், டூரிங் 1936-ல முடியாதுன்னு சொன்னது "எல்லா" ப்ரோக்ராமுக்கும் சேத்து ஒரே வழி. ஒற்றைப்படைன்னா மூணால பெருக்கி 1 கூட்டு, இரட்டைன்னா பாதியாக்கு, 1 வந்தா நிறுத்து, இந்த நாலு வரி ப்ரோக்ராம் 27-ல ஆரம்பிச்சா 9232 வரைக்கும் ஏறி 111 ஸ்டெப்ல நிக்குது, எல்லா எண்ணுக்கும் நிக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் நிரூபிக்கல.

எங்க யூஸ்னு கேட்டா, ரெகுலர் எக்ஸ்பிரஷன், கம்பைலர், கேட் எக்ஸாம் எல்லாம் தெரிஞ்சதுதான். எனக்குப் பிடிச்ச பதில் வேற, சென்னையில 1974-லயே சிரோமணி தம்பதியும் கமலா கிருத்திவாசனும் வாசல்ல போடுற கோலத்துக்கு கிராமர் எழுதி பேப்பர் போட்டிருக்காங்க, புள்ளியும் கோடும் எப்படி வளருதுன்னு ரூல் போட்டு. 2002-ல கான்பூர் ஐஐடி-ல அகர்வாலும், அப்பத்தான் பிடெக் முடிச்ச கயாலும் சக்சேனாவும் பகா எண்ணான்னு செக் பண்றது பி-ல இருக்குன்னு காட்டினாங்க. மேல படிக்கணும்னா சென்னையில தரமணி (கணித அறிவியல் நிறுவனம்), சிறுசேரி (சென்னை கணித நிறுவனம்) ரெண்டு இடத்துலயும் இதுக்குன்னே ஆட்கள் இருக்காங்க.

இன்னிக்கு ராத்திரி ஒண்ணு போட்டுப் பாருங்க: நீளம் வர்க்க எண்ணா இருக்குற 0 வரிசை, 1, 4, 9ன்னு. ஸ்ட்ரிங் நீளம் எம் வர்க்கம்னு எடுங்க, நடுத்துண்டு எம்-க்கு மேல போகாது, அத ஒரு தடவ கூட்டிப் போட்டா அடுத்த வர்க்கத்தத் தொட இன்னும் எத்தன பாக்கின்னு எண்ணுங்க.