தனியே நாடு கடக்கும் சைக்கிள் பயணம்: பாதியில் நிறுத்த வைக்கும் தவறுகள்

நெடுந்தூரப் பயணத்தைப் பாதியில் நிறுத்த வைப்பது பெரும்பாலும் மலையோ மழையோ அல்ல. முட்டி வலி, உட்கார விடாத புண், மூன்றாவது தடவையாக அறுந்த பின்சக்கர ஸ்போக் போன்ற சில்லறைச் சங்கதிகள்தான். இவற்றில் முக்கால்வாசி கிளம்பும் முன்பே விதைக்கப்பட்டுவிடுகின்றன. நாலு பேராகப் போனால் ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்து வந்திருப்பார். தனியாகப் போகிறவருக்கு மறந்தது மறந்ததுதான்.

தூரத்தை நாளால் வகுப்பது

முதல் தவறு காகிதத்திலேயே நடக்கிறது. 3,000 கி.மீ., 30 நாள் விடுப்பு, ஆக நாளுக்கு 100 கி.மீ. என்று கணக்குப் போடுகிறார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்றால் நான்கு நாள் போயிற்று. பழுதுக்கும் அடைமழைக்கும் குறைந்தது இரண்டு நாள். மிஞ்சுவது 24 நாள், அதாவது நாளுக்கு 125 கி.மீ. உடம்பு பழகும் முதல் ஆறு நாளும் 70 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது. அப்போது 420 கி.மீ.தான் கடந்திருப்பீர்கள், பாக்கி 2,580 கி.மீ.யை 18 நாளில் முடிக்க நாளுக்கு 143 கி.மீ. மிதிக்க வேண்டும். சுமையோடு சராசரி வேகம் மணிக்கு 15 முதல் 18 கி.மீ. என்று வைத்தால் இது சக்கரம் உருளும் நேரம் மட்டுமே எட்டு முதல் ஒன்பதரை மணி. சாப்பாடு, தண்ணீர், வழி கேட்பது எல்லாம் தனி.

இதே தூரத்துக்கு 45 நாள் ஒதுக்கி, ஆறு நாள் ஓய்வுக்கும் மூன்று நாள் பழுதுக்கும் விட்டால், முதல் வாரத்துக்குப் பிறகு நாளுக்கு 86 கி.மீ. போதும். விடுப்பு நீளாது என்றால் வழியைக் குறையுங்கள். உடம்பை நீட்ட முடியாது.

காற்றின் திசையையும் இந்தக் கட்டத்திலேயே பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் காற்று எப்பக்கமிருந்து வீசுகிறது என்பதை வைத்து எந்த முனையில் தொடங்குவது என்று முடிவு செய்யுங்கள். மலைக்கு உச்சி உண்டு, எதிர்காற்றுக்குக் கிடையாது. திறந்தவெளிகளில் பிற்பகலில் காற்று கூடுவது வழக்கம் என்பதால், விடியலில் கிளம்பி மதியத்துக்குள் முக்கால் தூரத்தை முடிப்பவர் பிழைத்துக்கொள்வார்.

எல்லாப் பாரமும் பின்சக்கரத்தில்

ஓட்டுபவரின் எடையிலேயே பெரும்பங்கு பின்சக்கரத்தில்தான் இறங்குகிறது. அதற்கு மேல் கேரியரில் இரண்டு பைகள், அவற்றின் மீது கூடாரம் என்று அடுக்கினால் பின்சக்கரம் முனகும். முன்சக்கரமோ லேசாகி, இறக்கத்தில் ஹேண்டில் உதறத் தொடங்கும். வீட்டிலேயே சோதிக்கலாம். முழுச் சுமையோடு சுவரோரமாக ஏறி உட்கார்ந்து, எடை பார்க்கும் மெஷினை முதலில் முன்சக்கரத்தின் கீழும், பிறகு பின்சக்கரத்தின் கீழும் வையுங்கள். எடை பார்க்காத சக்கரத்தின் கீழ் அதே உயரத்துக்குப் பலகை இருக்கட்டும். பின்னால் 65 விழுக்காட்டைத் தாண்டினால் கனமானவற்றை முன்பக்கம் மாற்றுங்கள். தண்ணீர், கருவிகள், அடுப்பு ஆகியவை தாழ்வாக, சட்டகத்தை ஒட்டி இருக்க வேண்டும். முதுகில் பை வேண்டவே வேண்டாம். அந்தப் பாரம் அப்படியே உட்காரும் எலும்பின் மீது இறங்கும்.

ஸ்போக் அறுவது பாரத்தால் என்று எல்லோரும் நினைப்பது பாதிதான் சரி. உண்மையான காரணம் தளர்ச்சி. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் பக்கத்து ஸ்போக் ஒவ்வொரு சுற்றிலும் சற்றுத் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. ஏற்கெனவே தளர்வாகக் கட்டிய சக்கரத்தில் இந்த ஆட்டம் அதிகம். சக்கரத்தின் நடு உருளையான ஹப் அருகே வளையும் இடத்தில் உலோகம் களைத்துக் களைத்து ஒரு நாள் பட்டென்று போகும். ஆகவே கிளம்பும் முன் நல்ல கைக்காரரிடம் எல்லா ஸ்போக்குகளையும் ஒரே இறுக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். 300 கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி கோட்டம் பார்க்க வேண்டும். சுமைக்கு 36 ஸ்போக் சக்கரம் நல்லது, 32க்குக் குறையக்கூடாது.

மாற்று ஸ்போக் எடுத்துப் போகிறவர்கள்கூட ஒரே அளவில் பத்து வாங்கி வைப்பார்கள். பல்சக்கரம் உள்ள பின்சக்கரத்தில் வலப்பக்க நீளம் வேறு, இடப்பக்க நீளம் வேறு. முன்சக்கரத்துக்கு மூன்றாவது அளவு. ஒவ்வொன்றிலும் மூன்று, ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு மரையான நிப்பிளோடு. அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் வலப்பக்கம். கேசட்டை, அதாவது அந்தப் பல்சக்கர அடுக்கை, கழற்றாமல் அங்கே ஸ்போக் நுழையாது. கேசட் கழற்றும் கருவி கையில் இல்லாவிட்டால் ஒன்பது ஸ்போக்கும் வெறும் கம்பிதான்.

நடுவழியில் அறுந்தால் அதைப் பக்கத்து ஸ்போக்கில் சுற்றிவிட்டு, இருபுறமும் உள்ள அடுத்த ஸ்போக்குகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். அவை எதிர்ப்பக்கம் இழுப்பவை என்பதால் ரிம் ஓரளவு நேராகி பிரேக்கில் உரசாமல் ஓடும். அடுத்த ஊர் வரை மெதுவாகப் போகலாம்.

பஞ்சரை ஒட்டிவிட்டுக் காரணத்தை விட்டுவிடுவது

ஒட்டிய பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கினால், பெரும்பாலும் முள் இன்னும் டயரிலேயே இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். டியூபின் வெளிப்புறத்தில் ஒரே ஓட்டை என்றால் முள், கண்ணாடி, கம்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிக் குழியில் அடித்திருக்கிறீர்கள். ரிம்மைப் பார்த்த உள்புறத்தில் என்றால் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து, துளையின் விளிம்பு குத்துகிறது. அங்கே எத்தனை ஒட்டுப் போட்டாலும் வீண், டேப்பைச் சரிசெய்ய வேண்டும்.

நெடுஞ்சாலை ஓரத்தில் அதிகம் குத்துவது லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பி. கண்ணுக்குத் தெரியாது. டயரின் உள்ளே விரலை ஓட்டாதீர்கள், கிழிக்கும். துணியைச் சுருட்டி ஓட்டினால் நூல் சிக்கும் இடத்தில் கம்பி இருக்கும். டயரில் எழுத்துள்ள இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக மாட்டும் பழக்கம் இருந்தால், டியூப் ஓட்டையை வைத்தே டயரில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

சொல்யூஷன் தடவிய கையோடு ஒட்டுவது அடுத்த தவறு. உப்புத்தாளால் பளபளப்புப் போகத் தேய்த்து, மெல்லியதாகத் தடவி, ஈரப் பளபளப்பு மறையும் வரை ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு அழுத்துங்கள். ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் சில வாரத்தில் காய்ந்துவிடும். பெரியது ஒன்றை விடச் சிறியது மூன்று மேல். மாற்று டியூபைக் கருவிகளோடு ஒரே பையில் போட்டால் உராய்ந்து புதுசிலேயே ஓட்டை விழும். பழைய சாக்ஸில் சுற்றி வையுங்கள்.

டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்தம் உச்சவரம்பு, அடிக்க வேண்டிய அளவு அல்ல. ஆளும் சுமையும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, டயர் 38 மி.மீ. என்றால் பின்னால் 55–60 பிஎஸ்ஐ, முன்னால் 45–50 என்று தொடங்கிச் சாலைக்கேற்ப மாற்றலாம்.

முட்டியும் சீட்டும்

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முட்டி லேசாக மடங்கும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் என்பதே முதல் சந்தேகம். ஒரு தடவைக்கு 3 முதல் 5 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். சரியான உயரம் கிடைத்ததும் சீட் கம்பியில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

கியரும் முட்டி சம்பந்தப்பட்டதுதான். முன்னால் 34, பின்னால் 34 பல் இருந்தால் நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு எட்டு கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறலாம். முன்னால் 42, பின்னால் 28 மட்டுமே இருந்தால் அதே மிதிக்கு 11 கி.மீ.க்கு மேல் போயாக வேண்டும். சுமையோடு செங்குத்து ஏற்றத்தில் அது நடக்காது. மிதி 35க்கு இறங்கி, முழு அழுத்தமும் முட்டியில் ஏறும். இறங்கித் தள்ளுவதில் எந்த அவமானமும் இல்லை.

பயணத்துக்கென்று புது சீட் வாங்கி மாட்டிக் கிளம்புவது வேண்டாத வேலை. குறைந்தது 500 கி.மீ. அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். பேட் வைத்த டவுசருக்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல்தான் புண்ணைத் தொடங்கி வைக்கும். தங்குமிடம் சேர்ந்ததும் முதல் வேலை அதைக் கழற்றித் துவைப்பது.

சாலையில்

பயத்தில் தார் ரோட்டின் விளிம்பை ஒட்டியே ஓட்டுவது உண்மையில் ஆபத்து. இடமில்லாத இடத்திலும் வண்டிக்காரர் உரசிக்கொண்டு முந்தப் பார்ப்பார், ஒதுங்கவோ உங்களுக்கு இடம் இருக்காது. விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே ஓட்டுங்கள். காலை, மாலை வேளையில் நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் பின்னால் நீளமாக விழுந்தால், பின்னால் வரும் ஓட்டுநரின் கண்ணில் வெயில் அடிக்கிறது, அவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். அந்த அரைமணி நேரம் டீ குடிப்பதற்கு நல்ல நேரம்.

நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பிடிமானம் மங்கும். விட்டு விட்டுப் பிடியுங்கள்.

தகவல் சொல்லாமல் போவது

“ராத்திரி போன் பண்றேன்” என்பது ஏற்பாடு ஆகாது. வீட்டில் ஒருவரிடம் அன்றைய வழி, தங்குமிடம், தகவல் சொல்லும் நேரம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நேரம் தாண்டி மூன்று மணி நேரம் ஆனால் முதலில் யாரைக் கூப்பிடுவது, பிறகு எந்தக் காவல் நிலையம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். சமூக வலைத்தளத்தில் படம் போடுவதானால் அந்த ஊரைத் தாண்டிய பிறகு போடுங்கள்; இன்று எங்கே தனியாகத் தங்குகிறீர்கள் என்று ஊருக்கே அறிவிக்கத் தேவையில்லை. ரத்த வகை, அவசர எண் எழுதிய அட்டை பையில் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும். வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்குங்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்கில் உண்மையில் போனுக்கு ஏறுவது ஏறத்தாழ ஆறாயிரத்துச் சொச்சம்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

திரும்பும் வழி

முடிவிடத்தில் சைக்கிளைப் பெட்டியில் போட வேண்டிவரும் என்பதைப் பலர் அங்கே போய்த்தான் யோசிக்கிறார்கள். இடது பெடலின் மரை தலைகீழ்; வழக்கமான திசையில் திருகினால் மேலும் இறுகும். பின்கியரைக் கழற்றிச் சட்டகத்துக்குள் கட்டாவிட்டால் அதைத் தாங்கும் சிறு கொக்கி வளைந்துவிடும், அது மாடலுக்கு மாடல் வேறு என்பதால் வழியிலும் ஒன்று உபரியாக இருப்பது நல்லது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தைக் கழற்றியதும் இரு பிரேக் கட்டைகளுக்கும் நடுவே தடித்த அட்டையைச் செருகுங்கள். யாராவது பிரேக்கைத் தெரியாமல் பிடித்துவிட்டால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு டிஸ்க் உள்ளே நுழையாது.